கை கரையும் படம்

விற்கிற சாமானைப் பற்றிய கெட்ட செய்தியை அந்தச் சாமான் மேலேயே ஒட்டி அனுப்புவதுதான் என் உத்தியோகம். இப்படி ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் ஆசை இருக்காது. ஆனால் ஒரு பாட்டில் கிளீனிங் லிக்விடை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றாலும், அது எரியுமா, அரிக்குமா, மீனைக் கொல்லுமா என்று சிவப்புச் சாய்சதுரத்துக்குள் படம் போட்டுச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஒரு படம் என்றிருந்ததை மாற்றி, உலகத்துக்கெல்லாம் ஒரே மாதிரிப் படம் என்று ஆக்கிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தச் சாமானுக்கு எந்தப் படம் என்று முடிவு செய்து கீழே கையெழுத்துப் போடுகிறவள் நான். பெயர் அமுதா. வீடு விழுப்புரம், வேலை திண்டிவனத்தில், கிளீனிங் லிக்விடும் பூச்சிமருந்தும் நிரப்பி விற்கிற ஒரு கம்பெனியில்.

இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் பாத்ரூம் அலமாரியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவேன். குடிதண்ணீர் பாட்டிலில் நீலமாக எதையாவது ஊற்றி வைத்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பக்கத்து சீட் காலி

லேபிள் அச்சாவது விழுப்புரத்தில். அவசரம் என்றால் ரோலை நானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஒரு திங்கட்கிழமை காலையில் மூட்டைப்பூச்சி மருந்துக்கான ரோல் கையில் இருந்தது. வளைகுடாவில் கூலியாட்கள் தங்குகிற கேம்ப்புகளுக்குப் போகிற மருந்து, அதனால் மண்டையோட்டுப் படம். மேலே சுற்றியிருந்த காகிதம் ஏறும்போதே கிழிந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், மண்டையோடுகள் வரிசையாக எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தன.

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. படியில் தொங்குகிறார்கள். என் பக்கத்து சீட்டில் மட்டும் ஈ, எறும்புகூட உட்காரவில்லை. கீரைக்கூடையோடு ஓர் அம்மாள் உட்காரக் குனிந்தார், மடியைப் பார்த்தார், கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு நின்றபடியே வந்தார். "இது வெறும் ஸ்டிக்கருங்க, மருந்து இதுல இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முன் சீட்டில் இருந்தவரும் எழுந்துவிட்டார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. படம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம். விக்கிரவாண்டி தாண்டியதும் கண்டக்டர் வந்தார். காலி சீட்டைப் பார்த்தார், ரோலைப் பார்த்தார், டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெனமும் இத்த எடுத்துக்கினு வாங்க மேடம், ஒங்களுக்கு ரிசர்வேஷனே தேவையில்ல."

ஏழுமலையின் புது வீடு

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. மீந்துபோன லேபிளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப் போடுவது என் பொறுப்பு. ஒன்று வெளியே போனாலும் யாராவது எதன் மேலாவது ஒட்டிவிடுவார்கள் என்று பயம். மண்டையோட்டை எண்ணெய் டின்னில் ஒட்டினால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். அது பரவாயில்லை. பத்து இடத்தில் சும்மா பார்த்துப் பழகிவிட்டால், பதினோராவது இடத்தில் நிஜமாகவே விஷம் இருக்கும்போது ஒருத்தரும் பயப்பட மாட்டார்கள். அதுதான் என் கவலை.

ஒரு நாள் மீந்த ரோலில் ஒரு நீளத் துண்டைக் காணவில்லை. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன், மிஷினுக்கு அடியில் படுத்துத் தேடினேன். பாட்டில் நிரப்புகிற செக்‌ஷனில் வசந்தாவைக் கேட்டேன், அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார். மறுவாரம் கம்பெனி வேனில் முகையூர் பக்கம் சரக்கு இறக்கப் போனோம். டிரைவர் ஏழுமலை அங்கேதான் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போங்க மேடம்" என்று வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன். வைக்கோல் பொம்மை கட்டியிருக்க வேண்டிய இடத்தில், ஜன்னல் சட்டம் முழுக்க, நிலைப்படி முழுக்க, என் மண்டையோடுகள். காணாமல் போனது அத்தனையும் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது. கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் முடியவில்லை. ஏழுமலை ஒன்றைத் தடவிக் காட்டினார்: "பூசணிக்கா நாலு நாள்ல அழுவிடுது மேடம், இது மழையில நனஞ்சாலும் உரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

இரண்டு படங்கள்

எங்கள் முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர். எல்லோருக்கும் ஹபீப் பாய். அவருடைய தம்பி வளைகுடாவில் கடை வைத்திருக்கிறார். நாங்கள் நிரப்புகிற பாட்டில்களில் பெரும் பகுதி அந்தக் கடைக்குத்தான் போகிறது. பாய் நல்ல மனிதர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வேனை அனுப்புவார். பெருநாளைக்கு எல்லோர் வீட்டுக்கும் பிரியாணி வரும். அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

சண்டை வந்தது சிங்க் அடைப்பு எடுக்கிற லிக்விடால். புது சாமான். காஸ்டிக் சோடாவை அடிப்படையாக வைத்தது. ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் குழாய்க்குள் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, முடி எல்லாம் கரைந்து ஓடிவிடும். குழாய்க்குள் இருக்கிற முடியைக் கரைக்கிறது நம் கண்ணை மட்டும் விட்டுவைக்குமா? இதற்குரிய படத்தில் இரண்டு சோதனைக் குழாயிலிருந்து திரவம் சொட்டும். ஒன்று இரும்பின் மேல், மற்றது ஒரு கையின் மேல். இரண்டும் அரித்துப் போய் இருக்கும். பாய் கேட்டது அந்தப் படத்தை இல்லை. லேசாக எரிச்சல் தரும் சாமான்களுக்கு வெறும் ஆச்சரியக்குறி போடுவோம், அதைக் கேட்டார்.

கடைக்காரர்கள் கையைப் பார்த்தால் அடுக்கில் வைக்க மாட்டார்கள், லாரிக்காரர் தனி வண்டி கேட்பார் என்று அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் கடையில் வாங்கப் போகிறவர் வங்காளியோ நேபாளியோ, யாரோ ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். அவருக்கு அந்தப் படத்தை விட்டால் எச்சரிக்கை சொல்ல வேறு யாரும் இல்லை. ஆச்சரியக்குறியைப் பார்த்தால் வெறும் கையோடு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஊற்றுவார். நினைத்தாலே எனக்குக் கண் கூசியது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாய் கோபப்படவில்லை. பாட்டிலை மேசையில் சுற்றிவிட்டுக்கொண்டே கேட்டார்: "கை கரையற படத்தப் பாத்துட்டு எவம்மா காசு குடுத்து வாங்கிக்கினு போயி வூட்ல வைப்பா?"

சென்னையிலிருந்து வந்தவர்

பாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அவருக்குத் தெரிந்த சோதனைக்கூடத்தில் முயல் கண்ணில் நம் லிக்விடை விட்டுப் பார்ப்பார்களாம். முயல் கண் ஆறிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால் கைப் படத்தை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறிக்குப் போய்விடலாமாம். காபி ஆறுவதைப் பற்றிப் பேசுவது போல அதைச் சொன்னார்.

எனக்குக் காலேஜில் படித்தது ஞாபகம் வந்தது. முயலுக்கு நம்மளவு கண்ணீர் சுரக்காது. விட்டதைக் கழுவிவிட அதற்கு வழியில்லை. அதனால்தான் அந்த வேலைக்கு முயலைப் பிடித்தார்கள் என்று எங்கள் மேடம் வகுப்பில் சொன்னார். "சார், இவ்வளவு கடுமையான காரம்னா எந்தப் பிராணி மேலயும் விட்டுப் பாக்காத, அரிக்கும்னே எடுத்துக்கோன்னு விதிமுறையே சொல்லுது" என்றேன். "விடை தெரிஞ்ச கேள்விய எதுக்கு முயல்கிட்டப் போயி கேக்கணும்?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பாயைப் பார்த்துப் புன்னகைத்தார். பாய்க்கும் என்னவோ போலத்தான் இருந்தது. டீ கிளாஸை வைத்துவிட்டு, "கண்ணு ஆறலேன்னா?" என்று கேட்டார். கன்சல்டன்ட் தோளைக் குலுக்கினார்: "வேற முயல்ல போட்டுப் பாக்கலாம் சார்."

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டப்பா

அவர் போன பிறகு பாய் மேசையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. இப்போது விட்டால் முயல் போய்விடும் என்று பதற்றத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். சந்தேகமான சாமானுக்குக்கூட இப்போதெல்லாம் உயிருள்ள பிராணி வேண்டியதில்லை, கறிக்கு வெட்டின மாட்டோட கண், கோழியோட கண் என்று கீழே போடுகிறதை வாங்கி அதன் மேல் சோதித்துப் பார்க்கிறார்கள், செயற்கையாக வளர்த்த தோல்கூட வந்துவிட்டது என்றெல்லாம் சொன்னேன். பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கறிக்கடையில கெடைக்கிற கண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்து விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழையும்போதே கூச்சல். எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். அதில்தான் எல்லோருடைய மோரும் தயிரும் இருக்கும். பாய் சொன்னார் என்று ஏழுமலை விடிகாலையில் கோட்டக்குப்பம் கறிக்கடைக்குப் போய், "மாட்டுக் கண்ணு கெடைக்கல" என்று ஆட்டுக் கண்களை வாங்கி, ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, என் பெயரைச் சொல்லித் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சோதனைக்கூடத்தில் இதற்கெல்லாம் தனி முறை, தனி அளவு, ஒளியை அளக்கிற கருவி எல்லாம் இருக்கிறது. இங்கே இருப்பது என் மேசையும் ஒரு தராசும். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதை அன்றைக்கே செய்து முடித்துவிடுகிற முதலாளியிடம் பார்த்துப் பேச வேண்டாமா? வசந்தா சுவரோரமாகச் சாய்ந்து நின்றிருந்தார். ஊறுகாய் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஒங்க டப்பா என்னையே பாக்குது."

ஒரு சொட்டு

தூக்கிப் போடலாம் என்றுதான் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பாய் நின்றார். "வாங்கினது வாங்கியாச்சு, ஒரே ஒரு சொட்டு விட்டுக் காட்டு" என்றார். இது சோதனை ஆகாது, இதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத முடியாது என்றேன். "ரிப்போர்ட்டுக்கு இல்லம்மா, எனக்கு" என்றார்.

கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டேன். அவருக்கும் ஒரு கண்ணாடியைக் கொடுத்தேன். தட்டில் வைத்த கண் நுங்கு போல இருந்தது. உள்ளே கறுப்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு சொட்டு விட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பாய் என்னைப் பார்த்தார். பிறகு சொட்டு விழுந்த இடம் லேசாக மங்கியது. மங்கல் பரவியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு மறைந்து, வெந்த முட்டையின் வெள்ளை போல ஆகிவிட்டது. உடனே தண்ணீரை ஊற்றினேன், வெள்ளை போகவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான், புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு. உயிரோடு இருக்கிற ஒரு முயலைப் பிடித்து வைத்துக்கொண்டு இதைச் செய்வார்கள் என்று நினைத்தபோது தட்டைத் தள்ளி வைத்தேன். பாய் கண்ணாடியைக் கழற்றினார், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கன்சல்டன்ட் பெயரையே பிறகு அவர் எடுக்கவில்லை. தட்டின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு மூடிவிட்டுச் சொன்னார்: "எக்ஸ்போர்ட் பாட்டில்ல அந்தக் கைய போட்டுடும்மா."

சுவரைப் பார்த்த பாட்டில்கள்

கண்டெய்னர் கிளம்பியது. ஒவ்வொரு பாட்டிலிலும் கை கரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். முயல் பிழைத்தது, பாத்திரம் கழுவுகிறவர் பிழைத்தார், என் கையெழுத்தும் பிழைத்தது என்று எல்லோரையும் பிழைக்க வைத்த திருப்தி.

மீந்த பெட்டிகளை உள்ளூரில் விற்றுப் பார்க்கலாம் என்று விழுப்புரத்தில் ஒரு மளிகைக் கடைக்குக் கொடுத்தார் பாய். வேலை முடிந்து வரும் வழிதான், ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அடுக்கில் எங்கள் பாட்டில்கள் இருந்தன. ஆனால் ஒன்றுகூட முகம் காட்டவில்லை. எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. வெள்ளை முதுகு மட்டும் தெரிந்தது. கல்லாவில் இருந்தவர் நல்ல மாதிரி, என்னைக் கம்பெனி ஆள் என்று தெரிந்துகொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஏன் அண்ணா இப்படி என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "முன்னாடி திருப்பி வச்சா வர்றவங்கல்லாம் அந்தக் கையப் பாத்துட்டு ஆசிட்டு விக்கிறியான்னு சண்டைக்கு வர்றாங்க மேடம், அதான் செவுத்துப் பக்கம் பாக்க வுட்டேன்."

மல்லிகை

இதைப் பாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கடைக்காரருக்கு எடுத்துச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். உள்ளூர் பாட்டிலுக்குத் தனி லேபிள் போடலாம் என்றார். "இங்க அந்தப் படத்த எந்த ஆபீசராவது கேக்கறாரா?" என்றார். யாரும் வந்து கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் விழுப்புரத்தில் இருக்கிற கண்ணும் வளைகுடாவில் இருக்கிற கண்ணும் ஒரே கண்தானே பாய் என்றேன். அவர் சிரித்தார். புது லேபிளின் முன்பக்கம் பளபளக்கும் சிங்க், அதைச் சுற்றி மல்லிகைச் சரம். எச்சரிக்கை எழுத எனக்குப் பின்பக்கம் கொடுத்தார். கையுறை போடவும், முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள், கண்ணில் பட்டால் உடனே தண்ணீரில் நெடுநேரம் கழுவவும் என்று இடம் கொண்ட மட்டும் எழுதினேன். அச்சகத்துக்காரர் பார்கோடுக்கு இடம் வேண்டும் என்று அதைப் பொடி எழுத்தாக்கிவிட்டார்.

வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டால் மட்டும் பூ போய்விடுமா? அந்த லேபிளில் நான் கையெழுத்துப் போடவில்லை. உள்ளூருக்குக் கையெழுத்தே வேண்டாமாம். மறுபடி தூக்கம் போயிற்று. பஸ்ஸில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு ஏறினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் அந்த மளிகைக் கடைப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். இப்போது பாட்டில்கள் முன்னால் பார்த்து ஜம்மென்று நின்றன. யாராவது கையில் எடுத்தால் பக்கத்தில் போய், "இது ரொம்பக் கடுமையானதுங்க, கண்ணுக்கிட்டக் கொண்டுபோகாதீங்க, புள்ளைங்க எடுக்காத எடத்துல வைங்க" என்பேன். இரண்டு பேர் வைத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் நெளிந்தார். மூன்றாவதாக வந்த ஒரு பெண் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்: "வாங்காதன்னு இவ்ளோ சொல்றியே, நீ வேற கம்பெனி ஆளாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பாய். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவதே இல்லை. எடுத்ததும், "அமுதா, கண்ணுல பட்டுடிச்சும்மா" என்றார். "எது பாய்?" என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன். "நம்மளுது" என்றார்.

பட்டது அவருடைய மனைவி ஜமீலா அக்காவுக்கு. பெருநாள் பிரியாணி அவர் கையால் வருவது. வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டதென்று பாய்தான் புது பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். பின்னால் ஒரே கூச்சல் கேட்டது. யாரோ விளக்கெண்ணெய் விடு என்கிறார், யாரோ பால் விடு என்கிறார். "ஒண்ணும் வேணாம் பாய், தண்ணி மட்டும். குழாய்க்கு அடியில கண்ணத் தொறந்து வையுங்க. தேய்க்க விடாதீங்க. நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். என் வீட்டில் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். போனுக்குள் குழாய்ச் சத்தம் கேட்டது, அக்கா அழுகிற சத்தம் கேட்டது. "போதுமா, போதுமா" என்று பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். போதாது, போதாது என்றேன். எவ்வளவு நேரம் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பிறகுதான் காரில் ஏற்றிப் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வழியெல்லாம் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகச் சொன்னேன்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மனசுக்குள் அந்தத் தட்டுதான் இருந்தது, மங்கல் பரவியதும், தண்ணீர் ஊற்றியும் வெள்ளை போகாததும். கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். என்னைப் பார்த்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். உடனே கழுவியதால் தப்பித்தது என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் கருவிழி ஓரத்தில் வெளுத்துப்போயிருக்கிறது, பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் காலித் தண்ணீர் பாட்டில் இன்னும் இருந்தது. விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாத்துலயும் அந்தக் கையையே போட்டுடு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே போனேன். ஜமீலா அக்கா ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். கன்னத்தில் சிவப்புத் திட்டுகள். அடைப்பில் ஊற்றும்போது தெறித்ததா என்று கேட்டேன். இல்லை, ஊற்றவே இல்லையாம். கடையில் சோப்பும் ஷாம்பூவும் வாங்கும்போது நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார், தப்பு தன்னுடையது என்பது போலச் சொன்னார்: "மல்லிப்பூ போட்டிருந்திச்சே, வாசன எப்படி இருக்குன்னு மூடியத் தொறந்து மூஞ்சிக்கிட்ட வச்சி அமுக்கிப் பாத்தேம்மா."

முயல் கண்ணில் விட வேண்டாம் என்று அத்தனை பாடுபட்டுத் தடுத்துவிட்டு, அதே சோதனையை ஒரு மல்லிகைச் சரத்தை ஒட்டிக் கோட்டக்குப்பத்துச் சமையலறையில் நடத்தி முடித்த கம்பெனி எங்களுடையது.